மணலில் கிடைத்த தங்கம்

2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வடக்கே ஆந்திராவிலும் கடல் கொந்தளித்தது. அங்கே காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் உப்பாடா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. புயல் ஓய்ந்ததும் அந்த ஊர்க் கடற்கரையில் கூட்டம் கூடியது. பெண்களும் குழந்தைகளும் மணலைக் கிளறினார்கள். சின்னச் சின்னத் தங்கத் துணுக்குகள் கிடைத்தன.

தங்கம் எப்படி வந்தது?

உப்பாடாவில் கடல் பல ஆண்டுகளாகக் கரையை அரித்து வருகிறது. வீடுகளும் கோயில்களும் கடலுக்குள் போய்விட்டன. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் பொட்டுத் தங்கம் போடுவது வழக்கம். அந்தத் தங்கம்தான் கரை ஒதுங்கியது என்று பலரும் சொன்னார்கள். வீட்டை இழந்த ஊருக்கு ஒரு பொட்டுத் தங்கம்!

ஒரு பிடி மணலைவிட ஒரு பிடி தங்கம் ஏழு மடங்கு கனம். அலை மணலை இழுத்துப் போகும். கனமான தங்கம் தங்கிவிடும். அதனால்தான் புயலுக்குப் பிறகு தேடுகிறார்கள்.

வெளிநாடுகளில் சிலருக்கு இது பொழுதுபோக்கு. மெட்டல் டிடெக்டர் என்ற கருவியோடு கடற்கரையில் நடப்பார்கள். கருவியின் அடியில் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மின்சாரம் ஓடும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கருவி 'கீ' என்று கத்தும். தங்கத்துக்கும் கத்தும், துருப்பிடித்த ஆணிக்கும் கத்தும். பெரும்பாலும் சோடா மூடிதான் கிடைக்கும்.

கிடைத்தது யாருக்குச் சொந்தம்?

கடற்கரையில் ஒரு மோதிரம் கிடைக்கிறது. அது யாரோ தொலைத்தது. காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மண்ணில் புதைத்து வைத்த பொருள் என்றால் அது புதையல். இதற்கு 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஜாமீன் தர வேண்டும்.

சொன்னால் எல்லாம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமை கோருவோருக்குக் கலெக்டர் குறைந்தது 4 மாதம் அவகாசம் தருவார். புதைத்தவரின் வாரிசு என்று யாரும் நிரூபிக்காவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு. இடத்தின் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு. அரசு பொருளை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். மறைத்தால்தான் பங்கு போகும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

உருக்கிவிட்டால் இன்னொரு நட்டமும் உண்டு. 1946இல் ராஜஸ்தானில் பயானா என்ற ஊர் அருகே ஒரு செம்புப் பானை கிடைத்தது. உள்ளே குப்த மன்னர்களின் தங்கக் காசுகள். சில காசுகளை உருக்கிவிட்டார்கள். 1,800க்கும் மேற்பட்டவை தப்பின. அதுவரை யாரும் பார்த்திராத காசுகளும் அவற்றில் இருந்தன. உருகியவற்றில் என்ன இருந்ததோ?

மனு எழுதுவது கடினம் இல்லை. நான்கு செய்திகள் போதும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி.

"ஐயா, 5ஆம் தேதி எங்கள் ஊர் ஏரிக்கரையில் மண் வெட்டும்போது ஒரு பானை கிடைத்தது. அதில் 42 காசுகள் உள்ளன. தங்களுக்குத் தெரிவிக்கிறேன்."

கீழே பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும்.