நிற்க மறுத்த கோலி

கோலி ஒன்றைச் சமதளத் தரையில் மெல்ல உருட்டிவிடுங்கள். சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 2007ஆம் ஆண்டில் நான் உருட்டிவிட்ட கோலி ஒன்று நிற்கவே இல்லை. அதுவும், இடப்பக்கம் உருட்டினால் ஒழுங்காக நின்றது. வலப்பக்கம் உருட்டினால் மட்டும் எறும்புபோல ஊர்ந்துகொண்டே இருந்தது. கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் ஒருவனுக்கு இதைவிடச் சங்கடம் வேறென்ன வேண்டும்?

அது தரையில் ஓடிய கோலியல்ல. கையடக்கக் கணிப்பொறி ஒன்றின் திரையில் ஓடிய கோலி. ஜிபி2எக்ஸ் என்பது அக்கருவியின் பெயர். தென்கொரியாவின் கேம் பார்க் ஹோல்டிங்ஸ் நிறுவனம் அதை 2005ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும், இரண்டு சாதாரண பேனா டார்ச் செல்களில் ஓடும். (செல்களை அது விழுங்கிய வேகத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) திரையில் குறுக்கே 320, நெடுக்கே 240 ஒளிப்புள்ளிகள். நினைவகம் 64 மெகாபைட். மற்ற விளையாட்டுக் கருவிகளிலிருந்து அதை வேறுபடுத்தியது அதனுள் இருந்த லினக்ஸ். அதாவது, நிறுவனத்தார் விற்கும் விளையாட்டுகளைத்தான் ஆடவேண்டும் என்பதில்லை. வீட்டிலுள்ள கணிப்பொறியில் நாமே நிரல் எழுதி, நினைவு அட்டை ஒன்றில் பதிந்து, கருவியில் செருகி ஓட்டிப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் ஒரு கோலி விளையாட்டை எழுதினேன்.

வீட்டுக் கணிப்பொறியில் அது அழகாக ஓடியது. கருவியிலோ நொண்டியது! காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

கருவியின் செயலி நொடிக்கு 20 கோடி முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ ஓர் எளிய வேலையை முடிக்கும். அசைவு சீராகத் தெரிய நொடிக்கு 60 படங்கள் வரையவேண்டும் என்று கொள்வோம். ஒரு படத்துக்குக் கிடைப்பவை சுமார் 33 லட்சம் துடிப்புகள். திரையிலுள்ள புள்ளிகள் 76,800. வகுத்துப் பாருங்கள்: புள்ளி ஒன்றுக்கு 43 துடிப்புகள்தாம் மிஞ்சும். இந்தச் செயலியில் தசம எண்களைக் கையாளும் உறுப்பு கிடையாது. முழு எண்களை மட்டுமே அது நேரடியாகக் கூட்டும், பெருக்கும். தசமப் பெருக்கல் ஒன்று வேண்டுமானால், பல முழு எண் வேலைகளாக உடைத்து நிரல் வழியே செய்தாகவேண்டும். ஒன்றுக்கே பல பத்துத் துடிப்புகள் செலவாகிவிடும். அப்புறம் படம் வரைய நேரமேது?

(இது அக்கருவிக்கு மட்டும் உரிய குறையன்று. பெங்களூரில் உருவாகி 2004இல் விற்பனைக்கு வந்த அமிடா சிம்ப்யூட்டரும் லினக்ஸில் இயங்கிய கைக்கணிப்பொறியே. அதன் செயலியிலும் தசம உறுப்பு இல்லை. விலையும் மின்சாரச் செலவும் குறையவேண்டுமானால் எதையேனும் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்?)

சரி, தசமத்தை விட்டுவிட்டு முழு எண்களையே வைத்துக்கொண்டால் என்ன? பந்து ஒன்று கீழே விழுவதைக் கணக்கிடுவோம். திரையின் 100 புள்ளிகளை 1 மீட்டர் எனக் கொண்டால், புவியீர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 980 புள்ளிகள். நாம் கணக்கிடுவது நொடிக்கு ஒரு முறையல்ல, படத்துக்கு ஒரு முறை. ஆகவே 980ஐ 60ஆல் இருமுறை வகுக்கவேண்டும். விடை 0.272. ஒவ்வொரு படத்திலும் பந்தின் வேகம் இவ்வளவு கூடவேண்டும். முழு எண்ணாக்கினால் இது பூஜ்யம்! பந்து திரிசங்கு சொர்க்கத்தில் தொங்கும். மேல்நோக்கி முழுமையாக்கி 1 என்று வைத்தாலோ, பூமியைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஈர்ப்பில் விழும்.

இதற்கு வழி நம் கடைக்காரர்களுக்குத் தெரியும். 3 ரூபாய் 75 பைசாவை 375 பைசா என்று எழுதிவிட்டால் புள்ளிக்கு வேலையில்லை. அவ்வாறே ஓர் ஒளிப்புள்ளியை 256 நுண்பங்குகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் நுண்பங்குகளிலேயே எழுதுகிறோம். 0.272 என்பது இப்போது 70 நுண்பங்கு. பிழை அரைச் சதவீதத்துக்கும் குறைவு. நூறை விட்டு 256 ஏன்? கணிப்பொறி இருமை எண்களில் கணக்கிடுகிறது. நமக்குப் பத்தால் வகுப்பது எவ்வளவு எளிதோ, அதற்கு இரண்டால் வகுப்பது அவ்வளவு எளிது. இலக்கங்களை வலப்பக்கம் ஓரிடம் தள்ளினால் போதும். 256 என்பது இரண்டை எட்டுமுறை பெருக்கியது. ஆகவே எட்டு இடம் தள்ளவேண்டும். இதை நிலைப்புள்ளி முறை என்பர்.

பெருக்கும்போது மட்டும் கவனம் தேவை. 1.5ஐ 2.5ஆல் பெருக்குவோம். நுண்பங்குகளில் அவை 384, 640. பெருக்குத்தொகை 2,45,760. இரண்டு எண்களிலும் 256 ஒளிந்திருப்பதால் ஒன்றை நீக்கவேண்டும். 256ஆல் வகுக்க 960 வரும். 960 நுண்பங்கு என்பது 3.75 அல்லவா? சரியான விடைதான்.

இம்முறையில் விளையாட்டை மாற்றி எழுதினேன். நொண்டல் போயிற்று. கோலி நிற்க மறுத்தது அதன்பின்தான். முதலில் கருவியின் பொத்தான் சிக்கிக்கொண்டதோ என்று ஐயுற்றேன். இரண்டு மாலைப் பொழுதுகள் அதைக் கழற்றித் துடைப்பதிலேயே கழிந்தன.

பிழை என்னுடையது. உராய்வுக்காக, ஒவ்வொரு படத்திலும் கோலியின் வேகத்தில் பதினாறில் ஒரு பங்கைக் கழித்துவந்தேன். வகுப்பதற்கு நான்கு இடம் தள்ளுவேன், மீதி உதிர்ந்துவிடும். ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். வேகம் 17 நுண்பங்கு என்றால் கழிவது 1, மிச்சம் 16. மீண்டும் கழிவது 1, மிச்சம் 15. இப்போது 15ஐ 16ஆல் வகுத்தால் பூஜ்யம். கழிக்க ஒன்றுமில்லை. அந்த 15 என்றென்றும் 15தான்! நொடிக்கு மூன்றரைப் புள்ளி வீதம் ஊர்ந்து, கோலி ஒன்றரை நிமிடத்தில் திரையைக் கடந்துவிடும். நியூட்டனின் முதல் விதி அழையா விருந்தாளியாக வந்து அமர்ந்துவிட்டது.

இடப்பக்கம் ஏன் நின்றது? அத்திசையில் வேகம் குறை எண். இலக்கங்களைத் தள்ளி வகுக்கும்போது கணிப்பொறி எண்கோட்டில் எப்போதும் இடப்பக்கமுள்ள முழு எண்ணையே எடுத்துக்கொள்ளும். குறை 15ஐ வகுத்தால் பூஜ்யம் வராது. குறை 1 வரும். ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒன்று கழிந்து, கோலி ஒழுங்காக நின்றுவிடும்.

நுண்பங்குகளை 65,536 ஆக்கிப் பார்த்தேன். கோலி நின்றதுபோல் தோன்றியது. உண்மையில் நிற்கவில்லை, 73 நொடிக்கு ஒரு புள்ளி நகர்ந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வேகத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே போனால், தசமத்திலும் கோலி ஒருபோதும் பூஜ்யத்தை எட்டாதே! பாதி, பாதியில் பாதி என்று தேய்ந்துகொண்டே போகுமே தவிர நிற்காது. தவறு கணக்கில் மட்டுமன்று, பௌதிகத்திலும் இருந்தது. வேகத்துக்கு ஏற்பக் குறைவது பிசுபிசுப்பான திரவத்தில் நகரும் பொருளுக்குப் பொருந்தும். தரையில் உருளும் கோலியைத் தடுக்கும் விசையோ, வேகம் குறைந்தாலும் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அதனால்தான் அது நிற்கிறது.

பிறர் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று அறிய எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. டூம் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு 1993இல் வெளியானது. ஆக்கியோரான இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 1997இல் அதன் மூலநிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டனர். நம் கைக்கருவியிலும் அதை ஓட்டினார்கள். மூலநிரலைப் புரட்டினேன். அங்கும் நிலைப்புள்ளி முறைதான். அலகு ஒன்றுக்கு 65,536 நுண்பங்குகள். உராய்வுக்கு வேகத்தை 59,392ஆல் பெருக்கி 65,536ஆல் வகுக்கிறார்கள். அதாவது நொடிக்கு 35 முறை, வேகத்தில் 32இல் 3 பங்கு குறைகிறது. என்னுடைய அதே தவறான பௌதிகம்தான்! ஆனால் கூடவே ஒரு வரி: வேகம் இரு திசையிலும் 4,096 நுண்பங்குக்குக் கீழே இறங்கினால் பூஜ்யம் ஆக்கிவிடு. இயற்கை விதியல்ல, குறுக்குவழி. இருந்தாலும் ஆடுபவர் கண்ணுக்கு எல்லாம் நின்றுவிடுகின்றன.

நான் குறுக்குவழியை எடுத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் வீம்புதான். வேகத்துக்கு எதிர்த்திசையில் ஒவ்வொரு படத்திலும் மாறாமல் 2 நுண்பங்கைக் கழித்தேன். பெரும்பாலும் நன்றாகவே நின்றது. ஆனால் சில வேளைகளில், வேகம் ஒற்றைப்படை எண்ணாகத் தொடங்கினால், கோலி நின்ற இடத்திலேயே நடுங்கத் தொடங்கியது. ஏனென்று 5இல் ஆரம்பித்துத் தாளில் போட்டுப் பாருங்கள். அதைத் தீர்க்க நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி என்னவாக இருக்கும்?