தூதர் காப்பு

பிற நாட்டில் தங்கித் தம் நாட்டின் சார்பில் பேசுபவர் தூதர் ஆவார். அவரைச் சிறைப்படுத்தலும், தூதரகத் தலைவரின் இசைவின்றி அவ்வகத்துள் நுழைதலும் கூடா என்பது 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் விதி.

1984 ஏப்ரல் 17-ஆம் நாள், இலண்டன் மாநகரில் லிபியத் தூதரகத்தினின்று பாய்ந்த குண்டு, வீதியில் காவல் புரிந்த பெண் காவலர் ஒருவரின் உயிரைப் பறித்தது. காவற்படையினர் அம்மாளிகையைச் சூழ்ந்து நின்றனரேயன்றி உட்புகவில்லை. பிரிட்டன் லிபியாவுடன் உறவை முறித்து, உள்ளிருந்தோரைத் தன் நாட்டினின்றும் வெளியேற்றியது.

கொலைக்குத் தண்டனை இல்லையோ எனப் பலர் வருந்தினர். எனினும், லிபியத் தலைநகராகிய திரிப்போலியில் இருந்த பிரிட்டிஷ் தூதர்க்கும் அவ்விதியே அரணாக நின்றது. தூதர் நெறி தவறின் அவரை வெளியேற்றலாம், துன்புறுத்தல் ஆகாது. பிறர் தூதரைக் காக்கும் நாடே தன் தூதரைக் காக்கவல்லது.