சோகையும் ஹையாட்டஸ் ஹெர்னியாவும்: முழுமையான வழிகாட்டி

கோவை மருதமலைக் கோயில் படிகளை ஒரே மூச்சில் ஏறிய அம்மா, இந்தத் தைப்பூசத்துக்குப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாரா? "வயசாச்சில்லைங்க" என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் குறைந்திருக்கலாம். அது எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

உள்ளே நடப்பது

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவர் உதரவிதானம். அதில் உணவுக்குழாய் இறங்கும் துளை வயதாக ஆகத் தளர்ந்தால், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடும். இதுதான் ஹையாட்டஸ் ஹெர்னியா. சிறியதென்றால் பெரும்பாலும் எதுக்களிப்போடு சரி. பெரிதென்றால், மூச்சுக்கு மூச்சு உதரவிதானம் அசையும்போது இரைப்பையின் மடிப்புகள் அதன் விளிம்பில் அழுந்தி உரசி, நீளநீளமாகப் புண்ணாகலாம். 1986-ல் கேமரனும் ஹிக்கின்ஸும் விவரித்த இதற்குக் 'கேமரன் புண்' என்று பெயர். பல நேரம் வலியே இருக்காது. ரத்தம் துளித்துளியாகக் கசிந்து, மாதக்கணக்கில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் கரைத்துவிடும்.

படி 1: ரத்தப் பரிசோதனை

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் இரும்புச்சத்துதான் பற்றவில்லை.

படி 2: கசிவைத் தேடுதல்

மாதவிடாய் நின்ற பெண்களும் ஆண்களும் சத்து மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. எண்டோஸ்கோபி வேண்டும். கேமரன் புண் எளிதில் கண்ணுக்குத் தப்பும்; அதனால் "ஹெர்னியாவின் கழுத்துப் பகுதியில் புண் இருக்குதுங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஹெர்னியா தெரிந்ததுமே பழியை அதன்மேல் போட்டுவிடவும் கூடாது. பெருங்குடலையும் பார்க்காவிட்டால் புற்றுநோய் தப்பிவிடலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள், தோட்டத்தில் வெறுங்காலோடு தண்ணீர் கட்டுகிற பழக்கம் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்னது வயிற்றைப் புண்ணாக்கும். பின்னதில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு உடம்பில் ஏறும்.

படி 3: சிகிச்சை

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இரும்பும் சேர்த்துத் தருவார்கள். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடலாம். காபி, டீ இரண்டு மணி நேரம் தள்ளித்தான். மலம் கருப்பாகப் போவது இரும்பினால் வருவது. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போனால் அது ரத்தம்; அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மாத்திரைக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். ஹீமோகுளோபின் ஏறியதும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் 3 மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப இறங்கினால், இரைப்பையைக் கீழே இறக்கித் துளையைத் தைக்கும் லேப்ராஸ்கோப்பி அறுவை இருக்கிறது. அதற்குக் கோவையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.