மஞ்சள் கருவை மட்டும் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. சில மாதங்களுக்கு முன் ஆஃப் பாயில் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு வந்தது, உதடு வீங்கியது, ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், வெள்ளைக் கரு அலர்ஜி, முட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் பிறந்தநாள் வீடுகளில் கேக் சாப்பிட்டிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. "மஞ்சள் கருவை மட்டும் எடுத்துக் கொடு, சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. நாட்டுக்கோழி முட்டைன்னா ஒண்ணும் செய்யாது" என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா? வீட்டில் எல்லோரும் மக்ரூன் சாப்பிடும்போது அவனும் கேட்கிறான். அதைக் கொடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மக்ரூனை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். கேக் ஒத்துக்கொள்கிறதே, மக்ரூன் மட்டும் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் மக்ரூன் என்பதே வெள்ளைக் கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, குறைந்த சூட்டில் மெல்லக் காயவைத்து எடுப்பது. அதில் கோதுமை மாவும் இல்லை, கேக் வேகும் அளவுக்குச் சூடும் இல்லை. உங்கள் மகனின் பிரச்சினை முழுக்க இந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது.

வெள்ளைக் கருவில் இருக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். சூடு பட்டதும் இதன் உருவம் குலைந்துவிடும், அலர்ஜியைத் தூண்டும் வலுவும் பெருமளவு குறைந்துவிடும். இன்னொன்று ஓவோமியூகாய்டு. அளவில் இது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் கொதிக்கும் நீரிலும் எளிதில் குலையாது. இது தனியாக வேகும்போது அப்படியே நிற்கிறது. கோதுமை மாவோடு கலந்து, ஓவனில் 180 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வெந்தால், மாவின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அதன் பிறகு உடலுக்கு அது அவ்வளவாக அகப்படுவதில்லை. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் கேக்கைத் தொந்தரவின்றிச் சாப்பிட முடிவது இதனால்தான். உங்கள் மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்றே தெரிகிறது.

ஆகவே, அவன் சாப்பிட்டுப் பழகிய கேக்கைப் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தாங்கிக்கொள்ளும் உணவைத் தொடர்ந்து சாப்பிடும் குழந்தைகளுக்கு அலர்ஜி விரைவில் விலக வாய்ப்பு அதிகம். தேவையில்லாமல் எல்லாவற்றையும் விலக்கினால் சத்தும் போகும், உடலுக்கு இருந்த பழக்கமும் போகும். நடு வரை நன்றாக வெந்த சாதாரண கேக்காக மட்டும் இருக்கட்டும். மேலே வெள்ளைக் கருவில் அடித்த ஐசிங், மூஸ், நடுவில் ஈரமாக இருக்கும் கேக் எதுவும் வேண்டாம். பன், பஃப்ஸ் மேல் பளபளப்புக்காக முட்டை தடவியிருப்பார்கள், பேக்கரியில் கேட்டு வாங்குங்கள்.

இனி மஞ்சள் கரு. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. முட்டையின் கொழுப்பு முழுவதும், வைட்டமின் ஏ, டி, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் பெரும்பகுதி எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. பேரப்பிள்ளைக்கு அது கிடைக்கட்டும் என்று அவர் நினைப்பதில் தவறே இல்லை. சிக்கல் பிரிப்பதில் இருக்கிறது. பச்சை முட்டையை ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றி மாற்றி எவ்வளவு பக்குவமாகப் பிரித்தாலும், மஞ்சள் கருவைச் சுற்றி வெள்ளைக் கரு படலமாக ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கொஞ்சமே சில குழந்தைகளுக்குப் போதும். வேகவைத்த முட்டையில் பிரிப்பது சுலபம்தான். ஆனால் வெந்த முட்டையை உரிக்காமல் நேரம் கடத்தினால், வெள்ளைக் கருவின் புரதம் மஞ்சளுக்குள் ஊறி இறங்கும். ஜப்பானில் மருத்துவர்கள் இக்குழந்தைகளுக்கு முட்டையைப் பழக்கும்போது, நன்றாக வேகவைத்து உடனே பிரித்த மஞ்சள் கருவிலிருந்து தொடங்குவதுண்டு. அங்கேயும் முதல் வாய் மருத்துவர் கண்ணெதிரே, மிகச் சிறிய அளவில்தான். அதை உங்கள் வீட்டு அடுப்படியில் செய்து பார்க்க வேண்டாம்.

நாட்டுக்கோழி முட்டையில் இதே புரதங்கள்தான் இருக்கின்றன. ஓட்டின் நிறம் மாறினாலும் அலர்ஜி மாறாது. வாத்து முட்டையும் காடை முட்டையும்கூட நெருங்கிய உறவுதான், மாற்றாகக் கொடுக்கக் கூடாது. கோழிக்கறிக்குப் பொதுவாகத் தடையில்லை. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் கறி சாப்பிடலாம்.

வீட்டுச் சமையலில் வரிசை இப்படி: மாவோடு நன்கு வெந்த கேக், பிஸ்கட் ஆபத்துக் குறைந்த முனை. அடுத்து முழுக்க வெந்த முட்டை. அதற்கு அப்பால் ஆம்லெட், பொடிமாஸ். கடைசியில் ஆஃப் பாயிலும் கலக்கியும் பச்சை முட்டை மயோனைசும். முட்டையில் தோய்த்துச் சுட்ட பிரெட்டை நிறையத் தாய்மார்கள் கேக்கோடு சேர்த்து நினைக்கிறார்கள். அது ஆம்லெட்டோடு சேர்ந்தது. கடைப் பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. கொத்துப் பரோட்டா போட்ட கல்லிலேயே அடுத்தவருக்குத் தோசையும் ஊற்றுவார்கள், வெளியில் சாப்பிடும்போது இதைக் கவனியுங்கள். பாக்கெட் உணவில் முட்டை இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. படித்துப் பார்த்து வாங்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வரட்டும்.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியாக ஏறிப் பார்க்கும் முறை மருத்துவத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த படி எப்போது என்பதை அலர்ஜி பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், குறிப்பாகக் குழந்தைக்கு இளைப்பு இருந்தால். காய்ச்சல், சளி உள்ள நாளில், நேற்று தாங்கிய அளவே இன்று தாங்காமல் போகலாம். அந்த நாட்களில் புதிதாக எதையும் முயல வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை ஐஜிஇ என்ற வகைதானா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐஜிஜி பார்த்து நீண்ட உணவுப் பட்டியலைத் தடை செய்யும் சோதனைகளும் விற்பனையில் உள்ளன. அவற்றுக்கு அலர்ஜியைக் கண்டறியும் திறன் இல்லை.

முட்டை இல்லாத நாளில் புரதத்துக்குக் குறை வராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதைப் பருப்பு, சுண்டல், தயிர் கொண்டு ஈடு கட்டலாம். உங்கள் ஊரில் கிடைக்கும் சாளை, நெத்திலி புரதத்தோடு வைட்டமின் டி, பி12 இரண்டையும் தரும். ஆம்லெட் கேட்டு அடம்பிடித்தால் கடலை மாவில் வெங்காயம், மிளகுத்தூள் போட்டு ஊற்றிக் கொடுங்கள்.

அங்கன்வாடிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் பணியாளரிடம் வாயால் சொன்னால் போதாது. மருத்துவர் சீட்டின் நகலோடு எழுதிக் கொடுங்கள். பள்ளிச் சத்துணவில் வாரம் 5 முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் பாசத்தோடு தட்டிலிருந்து ஊட்டிவிடும் வயது இது, அதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். தட்டம்மை தடுப்பூசியையோ ஃப்ளூ ஊசியையோ முட்டையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள், இரண்டையும் போடலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அது ஆப்பிரிக்கா போன்ற இடங்களுக்குப் பயணம் போவோருக்கானது.

முன்பு தடிப்பு, உதட்டு வீக்கம், ஒரு வாந்தியோடு நின்றது, அடுத்த முறையும் அதோடு நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, அடுத்தடுத்து வாந்தி எடுத்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, வீட்டிலுள்ள அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அப்போது தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள்.

நல்ல செய்தி ஒன்று: முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பலருக்குப் பள்ளி வயதில் அது விலகிவிடுகிறது, கேக்கைத் தாங்கும் குழந்தைகளுக்கு இன்னும் கூடுதலாக. எனவே 'முட்டையே வேண்டாம்' என்பதை ஆயுள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் சீட்டு வாங்கி, அலர்ஜிப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இந்த ஆண்டே ஒருமுறை காட்டுங்கள். எந்தக் கேக்கை எவ்வளவு சாப்பிட்டான் என்று எழுதி எடுத்துப் போங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள்.