மூட்டு வைத்தியம்: ஹீமோபிலியா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஹீமோபிலியா. முழங்கால் வீங்கியதும் எண்ணெய் தடவி உருவிவிடச் சொல்கிறார் என் மாமியார். செய்யலாமா?
— ஒரு தாயார், திண்டுக்கல்

பதில்: கூடாது. உருவுதல், நீவுதல், வெந்நீர் ஒத்தடம் எதுவுமே கூடாது. முதலில், இரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் ஊசி. பிறகு துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு. பழியை என்மேல் போட்டு மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வயது பத்தொன்பது. அடிக்கடி இரத்தம் கசிந்ததில் வலது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. ஒரே தடவையில் அமுக்கி நிமிர்த்திவிடலாம் என்கிறார் ஒருவர். நம்பலாமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: அவர் இருக்கும் தெருப்பக்கமே போகாதீர்கள். ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப இரத்தம் கசியும்போது, அதிலுள்ள இரும்பு உட்சவ்வில் படிந்து, சவ்வு தடித்து, அதில் புதிதாகப் பெருகும் மெல்லிய இரத்த நாளங்கள் சிறு அசைவுக்கும் உடைந்து மறுபடியும் கசிய, குருத்தெலும்பு நாளடைவில் அரிக்கப்படுகிறது. வலிக்கு அஞ்சி மடக்கியே வைத்திருந்த காலின் பின்புறத் தசைகள் சுருங்கிப்போக, முன்தொடைத் தசையோ வேலையின்றி மெலிந்துவிடுகிறது. இந்த நிலையில் கணுக்காலைப் பற்றி அமுக்கினால், கால் நிமிர்வதுபோன்ற தோற்றம் உண்டாகுமேயன்றி, உள்ளே கீழ்க்கால் எலும்பின் மேல்முனை தொடையெலும்புக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருக்கும். கீலில் கல் சிக்கிய கதவை விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் பெயர்வது கீல்தான். எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த முழங்காலுக்குச் செய்யும் அதே பலாத்காரத்தை இந்த முழங்காலுக்கும் பிரயோகிக்கும் பட்டம் பெற்ற பிஸியோதெரபிஸ்டுகளும் உண்டு என்பதை, என் தொழிலைச் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியே தீர வேண்டும்.

முதலில் எக்ஸ்ரே எடுத்து மூட்டின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, ஃபாக்டர் போட்டுக்கொண்ட நாளில், குப்புறப் படுத்துக் கீழ்க்காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, அது தன் பாரத்தாலேயே தாழும்படி விடலாம். தசையை நீங்களே இறுக்கித் தளர்த்தும் அப்பியாசத்தைக் கற்றுக்கொள்ளலாம். அவசியமானால் மாவுக்கட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றிப் போட்டுச் சிறுகச் சிறுக நிமிர்த்தலாம். முன்தொடைத் தசை வலுக்காத வரையில் நிமிர்ந்த காலும் நிலைக்காது. பல மாதம் பிடிக்கும் காரியம் இது. அவசரப்படுகிறவர்களுக்கு இதில் இடமில்லை.

கேள்வி: எமிசிசுமாப் ஊசி போட ஆரம்பித்தபின் இரத்தக்கசிவே இல்லை. இனியும் பயிற்சி வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டும். அந்த ஊசி இனி வரக்கூடிய கசிவைத் தடுக்கும். முன்பு தேய்ந்துபோன குருத்தெலும்பை வளர்க்காது.

கேள்வி: பள்ளியில் விளையாட்டு வகுப்பு முழுவதும் என் மகனை மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நீச்சலாவது அனுமதிக்கலாமா?
— ஒரு தகப்பனார், ஈரோடு

பதில்: தாராளமாக. கபடியும் குத்துச்சண்டையும் வேண்டாம். நீச்சலும் நடையும் நன்று. சைக்கிளும் ஓட்டலாம், தலைக்கவசத்தோடு. முன்கூட்டியே ஒழுங்காக ஃபாக்டர் பெற்றுவரும் பிள்ளை உட்கார்ந்தே வளர்ந்தால் தசை நலிந்து, மூட்டுக்குக் காவல் குறைந்துபோகும். வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பையனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: ஹீமோபிலியா உள்ள என் தம்பிக்கு அவ்வப்போது வலது அடிவயிற்றில் வலி, காலை நீட்ட முடியாமல் குனிந்தே நடக்கிறான். என்ன பயிற்சி தரலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: எந்தப் பயிற்சியும் தரக்கூடாது. இடுப்பின் உட்புறத் தசையில் இரத்தம் கசியும்போது இப்படித்தான் இருக்கும். குடல்வால் நோயென்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. தொடை மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். உடனே ஃபாக்டர், முழு ஓய்வு, ஸ்கேன். கசிவு வடிந்தது உறுதியான பிறகே மெல்லிய அசைவுகள். இத்தகைய வலிக்குப் பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திராமல், வலி வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.