ஏரிக்குப் போகும் படகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மே மாதத்தில் விக்டோரியா நாள் விடுமுறை வந்துவிட்டால், ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் படகு இழுத்துச் செல்லும் வாகனங்கள் பெருகிவிடும். சிம்கோ ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் போகும் நம் குடும்பங்களும் அவற்றில் உண்டு. உயிர்காப்பு அங்கியை மறக்காமல் எடுத்துவைக்கும் நாம், குளிர்காலம் முழுக்க அசையாமல் நின்ற ட்ரெய்லரைக் குனிந்து பார்ப்பதில்லை. படகு தண்ணீரைத் தொடும்வரை நம் உயிரும், சாலையில் நமக்குப் பின்னால் வருபவர்களின் உயிரும் அந்த ட்ரெய்லரை நம்பித்தான் இருக்கின்றன.

நம்பிக்கை: படகின் எடை விற்பனைத் தாளில் இருக்கிறது, என் கார் அதைத் தாராளமாக இழுக்கும்.

உண்மை: அந்த எடையில் பெரும்பாலும் ட்ரெய்லர், எரிபொருள், பாட்டரி, நங்கூரம் எதுவும் சேராது, சிலவற்றில் எஞ்சின்கூடச் சேராது. 100 லீட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 74 கிலோ. எல்லாவற்றையும் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். மொத்தம் 1,360 கிலோவை எட்டினால் ட்ரெய்லருக்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம்.

நம்பிக்கை: ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் கப்ளர் 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டால் போதும்.

உண்மை: கப்ளர் உட்காரும், காரின் பின்னால் இருக்கும் உருண்டைதான் ஹிச் உருண்டை. இங்கே பரவலாகக் கிடைப்பவற்றில் ஒன்று 1⅞ அங்குலம், இன்னொன்று 2 அங்குலம். வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். 2 அங்குலக் கப்ளர் சிறிய உருண்டைமேல் உட்கார்ந்து பூட்டிக்கொண்டதுபோலவே காட்டும். சாலைப் பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடலாம். கப்ளர், உருண்டை இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டியபின் ட்ரெய்லரின் முன்ஜாக்கியைச் சுற்றி உயர்த்துங்கள். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால் பிடிப்பு சரி. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் முன்தண்டு சாலையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

நம்பிக்கை: ட்ரெய்லரின் முன்பக்கம் பாரம் குறைந்தால் காருக்கு நல்லது.

உண்மை: பாரம் பின்னுக்குப் போனால், வேகமெடுக்கும்போது ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பொதுவாக மொத்த எடையில் 10 சதவீதம் அளவு உருண்டைமேல் இறங்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

நம்பிக்கை: டயர் தேயவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது.

உண்மை: படகு ட்ரெய்லரின் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே நின்றே கெட்டுப்போகும். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: ஏரியை அடைந்ததும் படகை இறக்கிவிடலாம்.

உண்மை: நெடுஞ்சாலையில் ஓடிவந்த சக்கரத்தின் ஹப் சூடேறியிருக்கும். அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, பிறகொரு பயணத்தில் சக்கரம் இறுகிப்போகலாம், கழன்றோடவும் கூடும். ஹப் ஆறட்டும். ஒரு ஹப் மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால், அந்த பேரிங்கைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள்.

நம்பிக்கை: படகின் வடிகால் அடைப்பானை எப்போதும் போட்டே வைக்க வேண்டும்.

உண்மை: ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், படகைச் சாலையில் கொண்டுசெல்லுமுன் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும், ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளையும் அகற்ற வேண்டும். 1988இல் சென் கிளேயர் ஏரியில் கண்டறியப்பட்ட சீப்ரா மட்டியின் இளம் உயிரிகள் கண்ணுக்குத் தெரியாதவை; தேங்கிய நீரோடு ஏரிவிட்டு ஏரி போய்விடும். கழற்றிய அடைப்பானைப் படகின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். படகை இறக்குமுன் திரும்பப் போட மறந்துபோகாது.

இத்தனையும் பார்த்துப் புறப்பட்டாலும், பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். படகைக் கட்டிய பட்டைகள், சங்கிலிகள், விளக்குகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஓடிய அதிர்வில் தளர்ந்தது எதுவானாலும் அப்போது கைக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள்.