கண்ணே இல்லாத ஓநாய்ச் சிலந்தி!

ஓநாய்ச் சிலந்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? வலை பின்னி உட்காராது, தரையில் ஓடி இரை பிடிக்கும். ஆனா முக்கிய அடையாளம் கண்தான். முன்வரிசையில் 4 சின்னக் கண், அதுக்கு மேலே 2 பெரிய கண், அதுக்கும் பின்னால் 2 கண். மொத்தம் 8. ராத்திரி டார்ச் அடித்தால் புல்லுக்குள் மின்னும்.

சரி, அந்தக் கண்ணே இல்லைன்னா?

பசிபிக் கடலில், ஹவாய்த் தீவுகளில் ஒன்று காவாய். எரிமலைக் குழம்பு ஓடியபோது மேல்பகுதி இறுகிவிட, உள்ளே இருந்தது வடிந்துபோய் அங்கே குழாய் மாதிரி குகைகள் உண்டாயின. கோலோவா பக்கத்துக் குகையில் 1971-ல் ஒரு சிலந்தி கிடைத்தது. 1973-ல் வில்லிஸ் கெர்ட்ஷ் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு 'அடெலோகோசா அனாப்ஸ்' என்று பெயர் வைத்தார். அனாப்ஸ் என்றால் கண் இல்லாதது. புள்ளியளவு கூட கிடையாது!

மற்ற உடலமைப்பை வைத்து ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். சிக்கல் பேரினத்தில்தான். இதற்காகவே கெர்ட்ஷ் ஒரு தனிப் பேரினம் உண்டாக்கினார். அதில் இன்றுவரை இது ஒன்றே ஒன்றுதான்! ஆனால் ஹவாயின் பெரிய தீவுக் குகையில் கிடைத்த, கண் சிறுத்துப்போன இன்னொரு சிலந்தியை அதே ஆண்டு 'லைகோசா' என்ற பழைய பேரினத்தில் சேர்த்தார். (இந்த லைகோசா ஒரு பரண் மாதிரி. உண்மையில் மத்தியதரைக்கடல் பக்கத்துச் சிலந்திகளுக்கு உரியது. பல நாட்டுச் சிலந்திகளைத் தூக்கி அதில் போட்டு வைத்திருக்கிறார்கள்.)

கண் சிறுத்தால் பழைய வீடு, கண்ணே போனால் தனி வீடா? மெக்சிகோவின் குகை மீனில் கண் உள்ளதும் இல்லாததும் ஒரே இனம்தான். இருட்டிலேயே வாழ்ந்தால் கண் போவது சகஜம். அதனால் கண் இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்பது என் கருத்து.

நிறைய பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன? அங்கேதான் கஷ்டம். இது ஒரு தடவைக்கு 15 முதல் 30 முட்டைதான் போடும். மற்ற ஓநாய்ச் சிலந்திகளில் நூற்றுக்கணக்கில் போடுபவையும் உண்டு. இருப்பதோ ஒரு சில குகைகளில் மட்டும். 2000-ல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. இப்போ அனுமதி இல்லாமல் பிடிக்கவே கூடாது.

ஒரு வழி இருக்கிறது. சிலந்தியைக் கொல்லாமல் ஒரு கால் துண்டு மட்டும் எடுத்தாலே டி.என்.ஏ. கிடைக்கும். இளம் சிலந்தியாக இருந்தால் தோல் உரிக்கும்போது அந்தக் கால் திரும்ப முளைத்துவிடும். அதை வெளியே திரியும் கண்ணுள்ள ஹவாய் ஓநாய்ச் சிலந்திகளோடு ஒப்பிட்டால், யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும்.